திறக்கப்படாத நெஞ்சுக்கூடு: செம்மறி வளர்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் கிடை போடும் கீதாரிகளுக்கும், பட்டியிலும் பரணிலும் செம்மறி வளர்ப்போருக்கும்,

செம்மறியாட்டின் மூக்குச்சளி, இருமல், மேல்மூச்சு ஆகிய மூன்றுக்கும் பின்னால் ஏறக்குறைய பத்து வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. வைரஸ், பாக்டீரியா, நுரையீரல் புழு, மூக்குப்புழு, தப்பாகப் புகட்டிய மருந்து, நுரையீரல் புற்று என்று காரணங்கள் பல. ஒன்றுக்குக் கேட்கும் மருந்து மற்றொன்றுக்குக் கேட்காது; சிலவற்றுக்கு மருந்தே கிடையாது. பட்டியில் நடப்பதோ பெரும்பாலும் ஒரே வைத்தியம். மருந்துக்கடையிலிருந்து ஆக்சிடெட்ராசைக்ளின் வாங்கிவந்து இருமுகிற ஆட்டுக்கெல்லாம் ஓர் ஊசி. பிழைத்தால் ஊசி கேட்டது, செத்தால் விதி. செத்த ஆடு குழிக்கோ, அவசரமாகக் கறிக்கோ போய்விடுகிறது. என்ன நோய் என்பதற்கான விடை அதன் நெஞ்சுக்கூட்டில் இருக்க, அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. பத்து ஆடு செத்த பிறகு மருத்துவரிடம் போகும்போது கையில் இருப்பது, "சளி பிடிச்சுது, ஊசி போட்டோம், செத்துப்போச்சு" என்ற ஒரு வரி மட்டுமே.

செம்மறி மந்தையோடு வாழும் விலங்கு. நோவைச் சீக்கிரம் வெளிக்காட்டாது. நுரையீரலில் கணிசமான பகுதி கெட்ட பிறகும் கூட்டத்தோடு நடந்துகொண்டிருக்கும். மேய்ச்சலுக்குப் போகையில் கடைசியில் தங்குவது, தலையைத் தொங்கவிடுவது, காதைத் தாழ்த்துவது, அசைபோடுவதை நிறுத்துவது ஆகியவை தெரியத் தொடங்கும்போதே நோய் பாதி வழி கடந்திருக்கும். மேய்ச்சல் நிலத்தில் நாளெல்லாம் ஆட்டோடு நடக்கிற கீதாரியின் கண் இந்த மாற்றத்தை எந்த மருத்துவருக்கும் முன்பே பிடித்துவிடும். அந்தக் கண்ணோடு இரண்டு அளவுகள் சேர்ந்தால் போதும்: மூச்சு எண்ணிக்கை, உடல் வெப்பம்.

செம்மறி வியர்த்துக் குளிர்வது குறைவு. மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சித்திரை வெயிலில் நண்பகலில் நிற்கும் நல்ல ஆடே நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் மூச்சு விடும். அந்த நேரத்தில் எண்ணிப் பயனில்லை. விடியற்காலையில், கிடையை எழுப்புவதற்கு முன், விலாவுக்குப் பின்னாலுள்ள பள்ளம் ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரட்டித்துக்கொள்ள வேண்டும். படுத்திருக்கும் வளர்ந்த ஆட்டுக்கு 15 முதல் 30 வரை இயல்பு. குட்டிகளுக்குச் சற்றுக் கூடும். ஆசனவாய்க்குள் வைத்த தெர்மாமீட்டர் 102 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை காட்டினால் கவலை இல்லை. விடியலின் குளிர்ச்சியிலும் 104-ஐத் தாண்டினால் அது காய்ச்சல். ஓர் ஆட்டின் விலையோடு வைத்துப் பார்த்தால் தெர்மாமீட்டரின் விலை பொருட்டே அல்ல. ஆனாலும் ஊசியும் சிரிஞ்சும் இருக்கிற எத்தனையோ பட்டிகளில் அது இருப்பதில்லை.

மேல்மூச்சு வாங்குவதெல்லாம் நுரையீரல் நோயும் அல்ல. குடற்புழு இரத்தத்தை உறிஞ்சிய ஆடு நாலடி ஓடினாலே இரைக்கும். கீழிமையைத் தாழ்த்தினால் உட்புறம் வெளுத்திருக்கும், தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும். இளஞ்சோளப் பயிரை மேய்ந்து நச்சேறிய ஆடு சில நிமிடங்களிலேயே மூச்சுத் திணறி விழும். வயிறு உப்புசமானால் இடப்பக்கம் புடைத்து நுரையீரலை நெருக்கும். இந்த மூன்றையும் முதலில் விலக்கிவிட்ட பிறகே சளியைப் பற்றிய பேச்சு.

ஆட்டுக்கொல்லி நோயிலிருந்து தொடங்குவதே முறை. பி.பி.ஆர். என்று அழைக்கப்படும் இந்த வைரஸ் நோய் 1942இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் முதலில் விவரிக்கப்பட்டது. இந்தியாவில் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இடம் தமிழ்நாடு: 1987இல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில். ஏழெட்டு ஆண்டுகள் தென்னிந்தியாவுக்குள்ளேயே இருப்பதாகக் கருதப்பட்டு, 1994 முதல் வடமாநிலங்களிலும் அடையாளம் காணப்பட்டது. இதன் வைரஸ், மாட்டு வெக்கை நோயின் வைரஸுக்கு நெருங்கிய உறவு. அதனால் அந்தக் காலத்தில் ஆட்டில் வந்த இந்த நோயை வெக்கை என்று எண்ணியவர்களும் உண்டு, வெறும் பாக்டீரியா நிமோனியா என்று விட்டவர்களும் உண்டு. 2011இல் வெக்கை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டது. இரண்டாவது குழப்பம் மட்டும் பட்டிகளில் இன்னும் ஒழியவில்லை.

ஆட்டுக்கொல்லியின் நடை தெளிவானது. வைரஸ் புகுந்து நாலைந்து நாளில் 104 முதல் 106 டிகிரி வரை காய்ச்சல். கண்ணிலும் மூக்கிலும் முதலில் தெளிந்த நீர்; இரண்டு மூன்று நாளில் அது தடித்து மஞ்சளாகி மூக்குத்துளையில் காய்ந்து அடைக்கிறது, இமைகள் ஒட்டிக்கொள்கின்றன. ஈறுகளிலும் உதட்டின் உட்புறத்திலும் நாக்கடியிலும் சாம்பல் நிறத்தில் செத்த தோல் படியும். விரலால் தேய்த்தால் உரிந்து கீழே சிவந்த புண் தெரியும், வாய் நாறும். அடுத்து நீராகக் கழிச்சல், கூடவே இருமலும் நிமோனியாவும். சினையாடுகள் கருவீசுவதும் உண்டு. பட்டியில் ஒன்றிரண்டில் தொடங்கி ஒரு வாரத்துக்குள் பெரும்பகுதிக்குப் பரவுகிற வேகமே முதல் எச்சரிக்கை. இருமுகிற ஆட்டின் வாயைத் திறந்து பார்க்காத சோதனை பாதிச் சோதனைதான்.

வாய்ப்புண் தெரிந்தாலும் உடனே முடிவுக்கு வர முடியாது. நீலநாக்கு நோயிலும் மூக்கு ஒழுகும், வாய் புண்ணாகும்; ஆனால் அதில் முகமும் உதடும் வீங்கும், குளம்புக்கு மேலுள்ள தோல் சிவந்து ஆடு நொண்டும். கொசு போன்ற சிறு கடி ஈக்கள் அதைப் பரப்புவதால் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியே பெரும்பாலும் தலைகாட்டும். ஆட்டம்மையிலும் காய்ச்சலும் மூக்கொழுகலும் மூச்சுத் திணறலும் வரும். வாலின் அடியிலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும், அதாவது உரோமம் இல்லாத இடங்களில், கொப்புளமோ முடிச்சோ தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்த்தால் ஐயம் தீரும். அம்மை முடிச்சுகள் நுரையீரலுக்குள்ளும் உருவாகும். தோலில் ஆறுகிற ஆடு மூச்சடைத்துச் சாவது அதனால்தான்.

அடுத்தது பாக்டீரியா நிமோனியா. இதன் முதன்மைக் காரணி மான்ஹைமியா ஹீமோலிடிகா. 1999 வரை பாஸ்டுரெல்லா என்ற பேரினத்தில் வைக்கப்பட்டிருந்ததால் பழைய மருத்துவர்கள் இன்றும் நோயைப் பாஸ்டுரெல்லா என்றே சொல்வார்கள். இது வெளியிலிருந்து வரும் கிருமி அல்ல. நல்ல ஆட்டின் மூக்கிலும் தொண்டைச் சதையிலும் காலமெல்லாம் குடியிருப்பது. ஆட்டின் எதிர்ப்பாற்றல் தளரும் நாளில் கீழே இறங்கி நுரையீரலைப் பிடிக்கிறது. லாரியில் நெருக்கி ஏற்றிய நெடும்பயணம், பக்ரீத்துக்கு முன் சந்தையில் பல ஊர் ஆடுகள் கலப்பது, வெயிலுக்குப் பின் திடீரென நனைக்கும் மழை, நீண்ட நடையாக டெல்டாவுக்குப் போய்ச் சேர்ந்த களைப்பு, ஆட்டுக்கொல்லி வைரஸ் என்று தளர்வுக்கு வழிகள் நிறைய. அந்தக் கிருமி சுரக்கும் ஒரு நச்சு, அசைபோடும் விலங்குகளின் வெள்ளணுக்களைக் குறிவைத்துக் கொல்லும். காவலுக்கு வந்த அணுக்களே வெடித்து, தம்முள் இருந்த நொதிகளைக் கொட்டி நுரையீரல் திசுவைக் கரைக்கின்றன. அதனால்தான் மாலையில் மேய்ந்த குட்டி காலையில் செத்துக் கிடக்கிறது.

பட்டியின் அனுபவ அறிவு தடுமாறுவது இங்கேதான். ஆட்டுக்கொல்லி வைரஸ் பிடித்த ஆட்டில் மான்ஹைமியா பின்தொடர்ந்து புகுகிறது. ஊசி பாக்டீரியாவை அடக்கியதும் சில ஆடுகள் தேறுகின்றன. "ஊசி கேட்டது" என்ற முடிவு பிறக்கிறது, அடுத்த கிடைக்கும் அதே அறிவுரை போகிறது. வைரஸோ எந்த ஊசிக்கும் அசையாமல் ஆட்டிலிருந்து ஆட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. ஊசி கேட்டது என்பது நோயைக் கண்டறிந்ததற்குச் சான்று ஆகாது. இன்னொரு தவறான நம்பிக்கையும் பரவலாக உண்டு: தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டால் நிமோனியா வராது என்பது. அந்தத் தடுப்பூசி பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்ற வேறு கிருமியின் ஒரு வகைக்கு எதிரானது. மான்ஹைமியாவை அது தடுப்பதில்லை.

காய்ச்சல் பெரிதாக இல்லாமல், குட்டிகள் வாரக்கணக்கில் வறட்டு இருமலோடு இருந்து, எடை கூடாமல் போவது வேறு கதை. மைக்கோபிளாஸ்மா ஓவிநிமோனியே என்ற நுண்ணுயிர் இதன் வழக்கமான காரணம். சாவு குறைவு, இழப்பு நீளம். கொட்டிலில் அடைத்து வளர்க்கும் இடங்களில் இது கூடுதல். பரண் அமைத்தவர்கள் அடியில் சேரும் புழுக்கையையும் சிறுநீரையும் மாதக்கணக்கில் அள்ளாமல் விட்டால் அம்மோனியா வாடை மேலே ஏறி மூச்சுக்குழாயின் உட்படலத்தைப் புண்ணாக்கும். குனிந்து பரணுக்கு அடியில் தலையை நீட்டினால் கண் எரிகிறதா என்பதே போதிய சோதனை. மேலே படுத்திருக்கும் ஆட்டின் மூக்கு அந்த வாடையை இரவெல்லாம் இழுக்கிறது.

புழுக்கள் இருவகை. நுரையீரல் புழுக்களில் பெரியது டிக்டியோகாலஸ் ஃபைலேரியா; வெண்ணிற நூல் போல, பத்து சென்டிமீட்டர் வரை நீண்டு, மூச்சுக்குழாய்க் கிளைகளுக்குள் நுரையோடு கிடக்கும். ஈரமும் குளிர்ச்சியும் உள்ள மேய்ச்சல் நிலமே இதற்குத் தோது. காய்ந்த சமவெளியில் பெரிய தொல்லை தராது. இருமலில் மேலே வரும் இளம்புழுக்களை ஆடு விழுங்க, அவை புழுக்கையோடு வெளியேறும். குடற்புழு முட்டை பார்க்கும் வழக்கமான மிதவைச் சோதனையில் இவை சரிவரத் தெரியா. புதுப் புழுக்கையைத் துணியில் கட்டி, புனலில் வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு தொங்கவிட்டால் இளம்புழுக்கள் நீந்திக் கீழே இறங்கும்; அடியில் தேங்கிய நீரைக் கண்ணாடித் தகட்டில் விட்டு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பேர்மன் முறை என்பது இதுதான். சோதனைக்கு அனுப்பும்போது "நுரையீரல் புழு ஐயம்" என்று எழுதாவிட்டால் ஆய்வகம் முட்டையை மட்டும் தேடிவிட்டு "புழு இல்லை" என்று சொல்லிவிடலாம்.

மூக்குப்புழு என்பது ஓர் ஈயின் புழு. ஈ பறந்தபடியே ஆட்டின் மூக்குத்துளையில் குஞ்சுப்புழுக்களைத் தெறித்துவிடும். அவை மூக்கின் உள்ளறைகளில் ஏறி வளர்ந்து ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் நீளமாகும். ஆடுகள் ஈயைக் கண்டால் மூக்கை மண்ணிலோ பக்கத்து ஆட்டின் உரோமத்திலோ புதைத்து வட்டமாக நிற்கும். அடுக்கடுக்கான தும்மல், ஒரு பக்க மூக்கில் சில வேளை இரத்தம் கலந்த சளி, காய்ச்சல் கிடையாது. தும்மி விழுந்த தடித்த புழு ஒன்றைத் தரையில் பார்த்தால் நோயறிதல் முடிந்தது.

மருந்து புகட்டுவதால் வரும் நிமோனியா மனிதக் கையால் வருவது. தலையை வானம் பார்க்கத் தூக்கி, மூங்கில் குழாயில் எண்ணெயோ கஷாயமோ குடற்புழு மருந்தோ ஒரே மூச்சில் ஊற்றினால், இருமக்கூட வழியில்லாத ஆட்டின் மூச்சுக்குழாயில் அது இறங்கும். புகட்டிய ஓரிரு நாளில் மேல்மூச்சு, மூச்சில் அழுகல் வாடை என்றால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. தாடை தரைக்கு இணையாக இருக்க, வாயோரத்தில் சிறிது சிறிதாக ஊற்றி, விழுங்கிய பின் அடுத்ததை ஊற்றுவதே பிழையற்ற முறை. குடற்புழு நீக்க முகாமுக்கு அடுத்த வாரம் சில பட்டிகளில் சளி கூடினால், மருந்தின் தரத்தைக் குறை சொல்வதற்கு முன் புகட்டிய விதத்தைக் கேட்பது நல்லது.

மெல்லக் கொல்லும் நோய்கள் இரண்டு. இவை தமிழ்நாட்டுக் கிடைகளின் அன்றாடக் கவலை அல்ல. ஆனாலும் நல்ல ஆடு என்று வாங்கிவந்த ஒன்று ஒரு நாட்டையே எப்படி ஆட்டிப்படைக்கும் என்பதற்கு ஐஸ்லாந்து தந்த பாடம் பெரியது. 1933இல் அந்நாடு உரோமத்துக்காக ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 20 கரகுல் ஆடுகளை இறக்கியது. ஒரு தீவில் இரண்டு மாதம் தனிமைப்படுத்தி, நோயில்லை என்று உறுதிசெய்த பின்னரே பண்ணைகளுக்குக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அங்கங்கே ஆடுகள் மெலிந்து, மூச்சிரைத்துச் செத்தன. வந்திறங்கியவற்றில் யாக்சீக்டே என்ற நுரையீரல் புற்றும், மேடி என்ற நாட்பட்ட நிமோனியாவும் ஒளிந்திருந்தன. இவ்விரண்டும் வெளிப்பட மாதங்களோ ஆண்டுகளோ ஆகும்; இரண்டு மாதத் தனிமை அவற்றுக்கு ஒன்றுமே இல்லை. வேலி போட்டு நாட்டைப் பகுதிகளாகப் பிரித்து, நோயுள்ள பகுதிகளின் ஆடுகளை முற்றாக வெட்டி, நோய் தீண்டாத பகுதியிலிருந்து புதிய ஆடுகளைக் கொண்டுவந்துதான் 1952இல் முன்னதையும் 1965இல் பின்னதையும் ஒழித்தார்கள். இந்த ஆடுகளை ஆராய்ந்த பியோர்ன் சிகுர்ட்சன் 1954இல் முன்வைத்த 'மெதுத்தொற்று' என்ற கருத்து பின்னர் மனித மருத்துவத்துக்கும் போனது.

யாக்சீக்டே புற்றை உண்டாக்குவது ஒரு ரெட்ரோவைரஸ். உலகறிந்த குளோனிங் ஆடான டாலியும் இதற்கே பலியானது. ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் நிறுவனத்தில் 1996 ஜூலை 5ஆம் நாள் பிறந்த டாலி, 2003 பிப்ரவரியில் இருமத் தொடங்க, சி.டி. ஸ்கேனில் நுரையீரல் கட்டிகள் தெரிந்தன. 14ஆம் தேதி அதைக் கருணைக்கொலை செய்தார்கள். குளோனிங்கால் சீக்கிரம் மூப்படைந்து செத்தது என்று அப்போது பலர் எழுதினாலும், சாவுக்குக் காரணம் அந்த வளாகத்தின் பிற ஆடுகளிடமும் இருந்த இந்த வைரஸ்தான்.

இந்த நோயின் சோதனை எளிமையானது, ஆனால் பார்ப்பவர் மறக்க மாட்டார். இரண்டு முதல் நான்கு வயதுள்ள ஆடு, தீனி தின்றபடியே மெலிகிறது, காய்ச்சல் இல்லை, நடந்தால் நெஞ்சுக்குள் ஈரமான கொறகொறப்பு. அதன் பின்னங்கால்களை இடுப்பளவு தூக்கித் தலையைத் தாழ்த்தினால், மூக்கிலிருந்து நுரைத்த தெளிந்த திரவம் தாரையாக ஒழுகும். சில ஆடுகளில் கால் லிட்டருக்கும் மேல். இது சளி அல்ல, புற்றணுக்கள் சுரந்து தள்ளும் நீர். ஒழுகினால் நோய் ஏறக்குறைய உறுதி. ஒழுகாவிட்டால் நோயில்லை என்று சொல்ல முடியாது, தொடக்க நிலையில் நீர் சேர்ந்திருக்காது. இந்த வைரஸை ஆட்டின் உடல் அயலானாக அடையாளம் காண்பதில்லை, எதிர்ப்பொருளையும் உண்டாக்குவதில்லை. ஆகவே எதிர்ப்பொருள் தேடும் இரத்தப் பரிசோதனையால் கண்டுபிடிக்க வழியில்லை. அல்ட்ராசவுண்ட் கருவியை விலாவில் வைத்துக் கட்டியைத் தேடுவதும், செத்த பின் நுரையீரல் திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பதும்தான் வழி. மேடி நோய்க்கு எலைசா இரத்தப் பரிசோதனை உண்டு. இவ்விரு நோய்களும் இந்தியாவில் பதிவாகியிருக்கின்றன.

இனி செத்த ஆடு. மூச்சு நோயில் மிக மலிவான, மிக நம்பகமான சோதனை பிணப்பரிசோதனை. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் ஓசைக்கும் உள்ளே உள்ள சேதத்துக்கும் செம்மறியில் பொருத்தம் குறைவு. தடித்த உரோமமும் இரைப்பை ஓசையும் குழப்பும். கத்தி வைக்கும் முன் ஒரே ஒரு விலக்கு. முன்னறிகுறி இல்லாமல் திடீரென்று செத்து, மூக்கிலோ வாயிலோ ஆசனவாயிலோ உறையாத கருத்த இரத்தம் கசிந்தால் அது அடைப்பானாக இருக்கலாம். அந்த ஆட்டைத் திறக்கவே கூடாது, தோலுரிக்கவும் கூடாது. திறந்தால் கிருமி வித்துகளாகி மண்ணில் பல்லாண்டு தங்கும், மனிதருக்கும் தொற்றும். காதின் இரத்தக்குழாயிலிருந்து எடுத்த ஒரு துளி இரத்தப்பூச்சை மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை அது கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும்.

அப்படி இல்லாத பட்சத்தில் நேரமே முக்கியம். நம் வெயிலில் செத்த ஆறு மணி நேரத்துக்குள் திறந்தால்தான் நிறத்தை நம்பலாம். நெஞ்சுக்கூட்டை விலக்கியதும் நல்ல நுரையீரல் இளஞ்சிவப்பாக, அழுத்தினால் அமுங்கி மெல்ல எழும். மான்ஹைமியா பிடித்ததில் முன்மடல்களும் கீழ்விளிம்பும் கருஞ்சிவப்பாகி ஈரல் போல் கெட்டிப்பட்டிருக்கும். மேலே மஞ்சள் படலம் ஒட்டி, நெஞ்சறையில் வைக்கோல் நிற நீர் தேங்கியிருக்கும். வலது முன்மடலுக்குப் போகும் மூச்சுக்குழாய், அசைபோடும் விலங்குகளில் பிரதான குழாய் இரண்டாகப் பிரிவதற்கு முன்பே தனியாகக் கிளைக்கிறது. அதனால் பல ஆடுகளில் அந்த மடலே முதலில் பழுதாகும். கெட்டிப்பட்ட இடத்தில் ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் போட்டால் முழுகும். நல்ல துண்டு மிதக்கும். பட்டியிலேயே செய்யக்கூடிய இந்தச் சோதனை, நிமோனியாவா இல்லையா என்ற கேள்வியை அரை நிமிடத்தில் தீர்க்கிறது.

மற்றவற்றின் தோற்றம் வேறு. புகட்டல் நிமோனியாவிலும் கீழ்ப்பகுதிதான் கெடும், ஆனால் பசுமை கலந்து அழுகி நாறும். குழாயைப் பிளந்தால் எண்ணெய் பளபளக்கும். நுரையீரல் புழு இருந்தால் பின்மடல்களின் குழாய்களைக் கத்தரிக்கும்போதே வெண்புழுக்கள் நெளிவது தெரியும். யாக்சீக்டேயில் சாம்பல் நிறக் கெட்டிக் கட்டிகளும் குழாய் நிறைய நுரையும். மேடியில் மடல் முழுதும் வெளுத்துக் கனத்து, நெஞ்சைத் திறந்த பின்னும் சுருங்காமல் நிற்கும். அரைக் கிலோவுக்குள் இருக்க வேண்டிய நுரையீரல் ஒரு கிலோவைத் தாண்டும். அடுக்கடுக்கான கெட்டிச் சீழ்க்கட்டிகள் இருந்தால் நிணநீர்க்கட்டிகளைத் தாக்கும் கோரினிபாக்டீரியத்தை நினைக்க வேண்டும். அந்த ஆட்டின் தாடைக்கடியிலோ தோளுக்கு முன்போ கட்டி உடைந்த தழும்பு பெரும்பாலும் இருக்கும். ஆட்டுக்கொல்லியில் நுரையீரலோடு நின்றுவிடாமல் வாயையும் குடலையும் பார்க்க வேண்டும். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் உட்சுவர் மடிப்புகளின் மேல் சிவந்த கோடுகள் வரிவரியாக ஓடியிருந்தால் ஐயம் வலுக்கும்.

மாதிரி எடுப்பதில்தான் பல முயற்சிகள் வீணாகின்றன. பாக்டீரியா வளர்ப்புக்கு, கெட்ட பகுதியும் நல்ல பகுதியும் சந்திக்கும் விளிம்பிலிருந்து ஒரு துண்டைச் சுத்தமான புட்டியில் போட்டு ஐஸ் பெட்டியில் அனுப்ப வேண்டும். ஊசி போட்டுவிட்ட ஆட்டில் கிருமி வளராது, ஆகவே ஊசி போடாத ஆடே வேண்டும். நுண்ணோக்கித் திசுப்பரிசோதனைக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிக்காத துண்டை அதைப்போல் பத்து மடங்கு பத்து சதவீத ஃபார்மலினில் இட வேண்டும். இதை உறைய வைக்கக் கூடாது. வளர்ப்புக்கான துண்டை ஃபார்மலினில் போட்டு அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. அதில் எந்தக் கிருமியும் உயிரோடு மிஞ்சாது.

ஆட்டுக்கொல்லிக்குச் செத்த ஆட்டைவிட உயிருள்ள ஆடே நல்ல மாதிரி தரும். காய்ச்சல் ஏறி, மூக்கு தெளிந்த நீராக ஒழுகும் நாட்களில் கண்ணிலும் மூக்கிலும் துடைத்த பஞ்சுக்குச்சிகளில் வைரஸ் மிகுந்திருக்கும். கழிச்சல் கண்டு பத்து நாள் ஆனபின் எடுத்தால் வெறுங்கையோடு திரும்ப நேரலாம். நோயின் வெவ்வேறு கட்டத்தில் உள்ள நாலைந்து ஆடுகளில் எடுத்தால் ஒன்றாவது விடை சொல்லும். எலைசாவோ பி.சி.ஆர். சோதனையோ இந்தக் குச்சியிலிருந்தே நோயை உறுதிசெய்யும். இரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடும் சோதனையை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்: தடுப்பூசியால் வந்த எதிர்ப்பொருளையும் நோயால் வந்ததையும் அது பிரித்துக் காட்டாது. அதுபோலவே நல்ல ஆட்டின் மூக்கிலேயே மான்ஹைமியா இருப்பதால், மூக்குச்சளியில் அது வளர்ந்தது என்ற அறிக்கையால் ஒன்றும் நிலைநாட்டப்படாது. நுரையீரல் துண்டில் வளர்ந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு.

மாதிரியோடு ஒரு தாளும் போக வேண்டும்: ஆடுகளின் வயது, எத்தனையில் எத்தனைக்கு வந்தது, எத்தனை செத்தன, முதல் ஆடு நோயுற்ற தேதி, கடைசியாக ஆடு வாங்கிய தேதியும் சந்தையும், போட்ட தடுப்பூசிகள், போட்ட மருந்துகள். மாவட்டங்களில் உள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வகங்களுக்கோ உள்ளூர் மருத்துவர் வழியாக அனுப்புவது வழக்கம். ஆளில்லாத மேய்ச்சல் நிலத்தில் கிடை இருந்தால் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை ஊர்தியை அழைக்கலாம்.

விடை வந்தபின் பட்டியில் மாறுவது நிறைய. பாக்டீரியா என்றால் எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்ற பட்டியலும் சேர்ந்தே வரும். அதன்படி மருத்துவர் சொல்லும் நாள் முழுக்கப் போட வேண்டும், புட்டியில் குறித்த விலக்கு நாட்கள் முடியும்வரை கறிக்கு அனுப்பலாகாது. புழு என்றால் ஊசி வீண்செலவு. நுரையீரல் புற்று என்றால் வைத்தியமே வீண்செலவு. அந்த ஆட்டையும் அதன் குட்டிகளையும் கழிப்பதே வழி. ஆட்டுக்கொல்லி என்றால் வைரஸுக்கு மருந்தில்லை; பின்தொடரும் பாக்டீரியாவை அடக்கி, நீரும் உப்பும் ஏற்றி, நோயுற்றவற்றைப் பிரித்து, சுற்றுக் கிராமங்களின் நலமான ஆடுகளுக்குத் தடுப்பூசி போடுவதே முறை. அந்தத் தடுப்பூசிக்கு உதவும் வைரஸ் வகைகளில் ஒன்றின் பெயர் 'அரசூர் 87'. இன்னொன்று 'சுங்ரி 96'. தாய்ப்பாலில் கிடைத்த எதிர்ப்பொருள் குறையும்வரை பொறுத்து, மூன்று நான்கு மாதக் குட்டியிலிருந்து ஒரு முறை போட்டால் மூன்று ஆண்டுகள்வரை காப்பு நிற்கும். உயிருள்ள தடுப்பூசி என்பதால் குளிர் குன்றாமல் வந்து சேர்ந்தால்தான் அதற்கு வீரியம்.

ஆட்டுக்கொல்லி, ஆட்டம்மை, நீலநாக்கு ஆகியவை விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் அட்டவணையில் உள்ளவை. ஐயம் எழுந்தாலே ஊர் நிர்வாகத்துக்கோ கால்நடை மருத்துவருக்கோ தெரிவிப்பது ஆட்டுக்காரரின் சட்டக் கடமை. முடிவு வரும்வரை அந்தப் பட்டியின் ஆடுகள் சந்தைக்குப் போகக் கூடாது. சந்தையிலிருந்து வாங்கி வந்தவற்றை மூன்று வாரம் தனியே வைத்து, தினமும் விடியலில் வெப்பம் பார்த்த பின்பே கிடையில் சேர்க்கலாம். ஆட்டுக்கொல்லி, அம்மை, நிமோனியா போன்ற வேகமான நோய்கள் அந்த மூன்று வாரத்துக்குள் வெளிப்பட்டுவிடும். மெதுநோய்களை அந்தத் தனிமையால் பிடிக்க முடியாது; அவற்றுக்கு, வாங்கும் பட்டியில் மெலிந்து இரைக்கும் தாயாடுகள் உண்டா என்று விசாரித்துப் பார்த்து வாங்குவது ஒன்றே வழி.